டிஸ்குக்கு ரப்பர் கிடையாது

ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் பிரேக் பிடித்துக் காட்டச் சொன்ன ஒரே ஆளை நான் முதலியார்பேட்டையில்தான் பார்த்தேன். டிரைவர் முறைப்பார். அக்கா அசைய மாட்டார். "பத்தடி ஓட்டி நிறுத்திக் காட்டுங்கண்ணே, ஏறிக்கறேன்" என்பார். பாதிப் பேர் வாய்க்குள் திட்டிக்கொண்டே போய்விடுவார்கள். மீதிப் பேர், காலங்காத்தால இது என்னடா வம்பு என்று பத்தடி ஓட்டி நிறுத்திக் காட்டுவார்கள். அவர்களுக்குத்தான் சவாரி. குடை வாங்கினால் கடைக்காரரிடமே ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு மேலே ஊற்றிப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். வில்லியனூர்ப் பக்கம் கிராமம், கரும்பு போடுகிற குடும்பம். கேமரா பிடித்துக்கொண்டு புதுச்சேரி டவுனுக்குள் வந்துவிட்டேன். அக்கா அந்த வீடியோக்களை டிவிடி டிஸ்கில் எழுதித் தருகிறவர். கீழே அவருடைய அண்ணனின் தையல் கடை. மாடியில் ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டிவி. வாசலில் மிக்ஸிங் சென்டர் என்று ஒரு போர்டு. ஒரு கம்ப்யூட்டரில் நான் வெட்டி ஒட்டுவேன். இன்னொன்றில் அக்கா, டிஸ்கைப் போட்டதும் டிவியில் வருகிற மெனுவைச் செய்து, டிஸ்க் எழுதுவார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே தனிக் கதை. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் எடுத்த கேசட்டை ஆண்களிடம் கொடுக்கச் சில குடும்பங்களுக்கு மனசு வரவில்லை. தையல் கடைக்காரர் தங்கச்சி கம்ப்யூட்டர் படித்திருக்கிறாள் என்று இவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு டிஸ்க். ஆண்கள் பார்க்கிற டிஸ்கில் பெண்கள் பக்கத்துக் காட்சி ஒரு நொடிகூட வந்துவிடக் கூடாது. வந்தால் வீட்டில் சண்டை. அதனால் முதலிலிருந்து கடைசி வரை கண் கொட்டாமல் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம், பிறகு யார் வீட்டுக் கல்யாணம் வந்தாலும் போகவில்லை. காதுகுத்தாக இருந்தால்கூட முழுசாகப் பார்ப்பார்.

"எழுதனா எழுதனதுதான் தம்பி. டிஸ்குக்கு ரப்பர் கெடையாது."

இதைத் தினம் நாலு வாட்டியாவது கேட்பேன்.

அவர் சோதனை மூன்று கட்டம். முதலில் கம்ப்யூட்டரிலேயே முழுசாக ஓட்டுவார். அடுத்து, அழித்து அழித்து எழுதுகிற டிஸ்க் ஒன்று வைத்திருந்தார். அதில் எழுதி, பிளேயரில் போடுவார். அந்தப் பிளேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலேயே அதைவிட மட்டமான பிளேயர் இருந்திருக்க முடியாது. தட்டு பாதி வந்து நின்றுவிடும், விரலால் இழுக்க வேண்டும். ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை பழுத்து மஞ்சளாகி, எது எந்தப் பட்டன் என்று தெரியாது. நல்லதாக ஒன்று வாங்கலாமே என்று ஒரு முறை சொன்னேன்.

"நல்ல பிளேயர்ல எல்லாந்தான் ஓடும். இதுல ஓடினா எதுலயும் ஓடும்."

ரிமோட்டை எடுத்தால் சரியான பட்டனை அமுக்கவே மாட்டார். மேலே போக வேண்டிய இடத்தில் கீழே அமுக்குவார். ஒரே பட்டனை ஆறு வாட்டி அமுக்குவார். அப்படியே வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து, இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பார். தாலி கட்டப் போகிற நேரத்தில் சட்டென்று பிளக்கைப் பிடுங்குவார். எனக்குத் தூக்கிவாரிப் போடும். "கரண்ட்டு போவாதா நம்ம ஊர்ல?" என்று கேட்டுவிட்டு, திரும்பச் சொருகி, ஓடுகிறதா என்று பார்ப்பார்.

"படம் எடுக்க ஒரு நாளு, அத பாக்க மூணு நாளா? எங்கள மாதிரி வெவசாயம் பண்ணா பட்டினிதான்டா அந்தம்மா" என்றார் எங்கள் அப்பா.

மூன்றாவது கட்டம்தான் என்னைக் கொன்றது. அது மீன்காரம்மா.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, கூடையோடு முதலியார்பேட்டைத் தெருக்களில் விற்றுக்கொண்டு வருகிற அம்மா அவர். மதிய வாக்கில் எங்கள் மாடிப்படி ஏறி வருவார். அக்கா மீன் வாங்குவார், பிறகு ரிமோட்டைக் கையில் கொடுப்பார். "இந்தா, இத போட்டு பாரு." ஒன்றும் சொல்லித் தர மாட்டார். என்னையும் வாய் திறக்க விடமாட்டார். மீன்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துடைத்தும் ஈரமாகவே இருக்கிற விரலால் அமுக்குவார். அந்தம்மா கல்யாணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் டிஸ்க் பாஸ். இல்லையென்றால் திரும்பவும் வேலை.

ஒருமுறை மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மெனு செய்தேன். ரோஜா இதழ்கள் சுற்றும். அதன் நடுவில் இங்கிலீஷ் எழுத்துகள் மிதந்து வந்து மறையும். மீன்காரம்மா ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"பூவெல்லாம் நல்லா சுத்துது தம்பி. கண்ணாலம் எங்க?"

அக்கா என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, இதழ்களையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, பெரிசு பெரிசாக நாலு போட்டோ வைத்தார். மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, ரிசப்ஷன், சாப்பாடு. படத்தை அமுக்கினால் அது ஓடும். மீன்காரம்மா முதலில் சாப்பாட்டை அமுக்கினார். யார் வீட்டில் பார்த்தாலும் முதலில் சாப்பாட்டைத்தான் அமுக்குவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டுமே.

இந்தப் பரீட்சையெல்லாம் எனக்கு வேடிக்கையாகவும் எரிச்சலாகவும்தான் இருந்தது, அந்த சொல்தா வீட்டுக் கல்யாணம் வருகிற வரைக்கும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். என்னைப் பேசி அமர்த்தியவர் பெண்ணின் சித்தப்பா. மணையில் உட்கார்ந்து தாரை வார்த்ததும் சித்தப்பாவும் சித்தியும்தான். கல்யாணம் முடிந்ததும் சித்தப்பா ஒரு கவர் கொடுத்தார். உள்ளே இரண்டு ஸ்டூடியோ போட்டோ.

"எங்க அண்ணன், அண்ணி. மொதல்ல இவங்க ரெண்டு பேரும் வரணும் தம்பி" என்றார். தொண்டை கம்மியிருந்தது.

எனக்கு வேறென்ன தோன்றும்? அப்பாவும் அம்மாவும் இருந்தால் சித்தப்பா ஏன் தாரை வார்க்கிறார்? இறந்த பெரியவர்களின் படத்தை முதலில் வைத்து ஆசியுடன் என்று போடுவது கல்யாண வீடியோவில் வழக்கம். அதற்கு என்னிடம் அருமையான கிராபிக்ஸ் இருந்தது. படத்துக்குச் சம்பங்கி மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே ஊதுவத்தி, அதிலிருந்து புகை நெளிந்து மேலே போகும். அந்தப் புகை என் பெருமை. இரண்டு படத்துக்கும் மாலை போட்டேன். டிஸ்கைப் போட்டதும் எதையும் அமுக்காமலே முதலில் அதுதான் வரும்.

டிஸ்க் கொடுக்க வேண்டிய நாள் ராத்திரியே சித்தப்பா பிரான்சுக்கு விமானம் ஏற வேண்டும். நாலு மணிக்குச் சென்னைக்குக் கார். "அங்க பாக்கறதுக்கு காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லியிருந்தார். யாரோ சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார். மொத்தம் இரண்டே முக்கால் மணி நேர வீடியோ. முழுசாகப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார், சொருகினார். பன்னிரண்டுக்கு முடிந்தது. எழுதலாமா என்றேன். "மீன்காரம்மா வரட்டும்" என்றார்.

அன்றைக்குப் பார்த்து அந்தம்மா வரவில்லை. படகு கரைக்கு வர நேரமாகியிருக்கும். பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, ராக்கெட்டு வுடறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்."

"ராக்கெட்டு வுழுந்தா இன்னொன்னு வுடுவான். இந்தக் கல்யாணத்த இன்னொரு வாட்டி பண்ணுவாங்களா?"

"கார் போயிடும்க்கா!"

"கார் போனா கூப்புடலாம்."

நான் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். கீழேயிருந்து அண்ணன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா காதில் வாங்காமல் ரிமோட் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றேகாலுக்கு, படியில் கூடை இறங்குகிற சத்தம் கேட்டது.

மீன்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். டிஸ்க் ஓடியது. மாலை, விளக்கு, புகை. அந்தம்மா கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது.

"அடப்பாவிங்களா! சொல்தா எப்ப செத்தாரு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்த வூட்டுக்கு நாந்தான மீன் போடறேன்? ஞாயித்துக்கெழமகூட பிரான்சிலேர்ந்து போன் பண்ணாரே! எங்கிட்டயும் குடுத்தாங்க. வஞ்சிரம் வருதான்னு கேட்டாரு. நெஞ்சுல ஆபரேசன் பண்ணியிருக்குதாம், ஏரோப்ளேன் ஏறக் கூடாதுன்னுட்டாராம் டாக்டரு. அவரு சம்சாரந்தான் செத்து பத்து வருசமாச்சு. இவரு நல்லாதான இருக்காரு!"

நெஞ்சில் தையலோடு இருக்கிற மனுஷன், மகள் கல்யாணத்தைப் பார்க்க ஆசை ஆசையாக டிஸ்கைப் போடுகிறார். முதலில் வருவது செத்துப்போன மனைவியும், பக்கத்திலேயே மாலை போட்ட அவரும். ஊதுவத்திப் புகை வேறு. கடவுளே, நான் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தேனே!

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நானுந்தான் மூணு மணி நேரம் பாத்தேன். எனக்கும் தெரியலியே" என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, அப்பா உசுரோட அங்க இருக்காரு, இது அவருக்கு போற வீடியோன்னு அந்தப் பொண்ணுக்கு தெரியும் இல்ல? அப்ப கேமராவ பாத்து சும்மாவா இருந்திருக்கும்? அலங்காரம் பண்ண கேசட்ட போடு."

போட்டேன். அந்த இடம் எனக்கு நினைவிருந்தது. மண்டபத்தில் மேளச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பெண்ணின் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வேஸ்ட் என்று வெட்டி எறிந்திருந்தேன். அக்கா ஹெட்போனை மாட்டி, சத்தத்தை ஏற்றி இறக்கி, கடைசியில் ஸ்பீக்கரில் போட்டார்.

அலங்காரம் செய்கிற பெண் ஊசி எடுக்க நகர்ந்ததும், கல்யாணப் பெண் கேமராவைப் பார்க்கிறாள். புடவைக் கொசுவத்தைக் கையால் தூக்கிக் காட்டுகிறாள். "அப்பா, பாக்கறீங்களா? அம்மா பொடவதான் கட்டியிருக்கேன். நல்லா இருக்கா?" என்கிறாள். பதில் வரும் என்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள்.

மீன்காரம்மா மூக்கைச் சிந்தினார்.

மாலை போட்ட அப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மகளை வைத்தோம். அம்மா படத்துக்கு மட்டும் விளக்கு. அது முடிந்ததும், "அப்பா, பாக்கறீங்களா?" அதன் பிறகு நாலு படம் போட்ட மெனு. மூன்றரைக்கு அழித்து எழுதுகிற டிஸ்கில் எழுதி முடித்தோம். தெருவில் கார் ஹாரன் கேட்டது. இனி நேராக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்தால், அக்கா பிளேயர் தட்டை விரலால் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சித்தப்பா மாடியேறி வந்தார். "என்னாம்மா இது, ஏரோப்ளேன் நமக்காக நிக்குமா?"

"ஒக்காருங்க. இத பாக்கறப்ப அவருகூட யாரு இருப்பா?"

"யாரு இருப்பா? நாங்க அங்க வேற ஊர்ல இருக்கோம். அவரு தனியாத்தான் இருக்காரு."

"அதான். நடுவுல நின்னுபோச்சுன்னா அவரு யார கூப்புடுவாரு?"

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். நாலு படத்தையும் அக்கா அமுக்கிப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். சொருகினார். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நாலேகாலுக்கு நல்ல டிஸ்கில் எழுதி, அதிலும் மகள் வருகிற இடத்தையும் நாலு படத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார். மாலை விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. அக்கா பொய் சொல்ல மாட்டார். யாரும் கேட்காததைச் சொல்லவும் மாட்டார்.

பிறகு ஒரு தகவலும் இல்லை. விமானத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் மீன்காரம்மா மூலம் தெரிந்தது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது திடீரென்று, "ஓடிச்சான்னு தெரியலியே தம்பி" என்பார்.

"ஓடலன்னா போன் வந்திருக்கும்க்கா."

"ஓடியிருந்தாலும் வந்திருக்கணும் இல்ல?"

அடுத்த வருஷம், ஒரு மதியம், படியில் யாரோ நின்று நின்று ஏறி வந்தார். நெட்டையான ஆள். சட்டைக்கு மேலே ஸ்வெட்டர், நம் ஊர் வெயிலில். முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நான் மாலை போட்ட முகம்.

"மதாம் யாரு இங்க?" என்று, மேடம் என்பதைப் பிரெஞ்சுக்காரர்போல் சொல்லிக் கேட்டார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பையிலிருந்து டிஸ்கை எடுத்தார். கீறல் இல்லாத இடம் அதில் கொஞ்சம்தான் இருந்தது. "என் பொண்ணு வர்ற எடம் நின்னு நின்னு போவுது. இன்னொன்னு எழுதித் தரணும்."

அந்த நேரம் பார்த்தா மீன்காரம்மா வர வேண்டும்? கூடையை இறக்கியவர், அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகி, "வாங்க சொல்தா! நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு நாந்தான் இவங்களுக்கு சொன்னேன்!" என்றார்.

மூடி மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "அங்க டாக்டரும் ஏறக்கொறைய மாலைய ரெடி பண்ணி வச்சிருந்தாரு தம்பி. வுடு."

அக்கா சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்க வேண்டியது வேறு. "மீதியெல்லாம் நல்லா ஓடிச்சா?"

பெரியவர் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது தெரியாது மதாம். டிஸ்க்க போடுவேன். என் சம்சாரம் படம் வரும், அப்பறம் பொண்ணு வரும், 'நல்லா இருக்கா'ன்னு கேக்கும். 'நல்லா இருக்குது கண்ணு'ன்னு சொல்லுவேன். அப்பறம் நாலு படம் வந்து நிக்கும். வெளிய எடுத்துட்டு திரும்பவும் மொதல்லேர்ந்து போடுவேன். ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான், வூட்டுலயும் அப்படித்தான்."

"ஏன், படத்த அமுக்கலியா?"

"அமுக்கனா நான் இல்லாத கண்ணாலம் வரும் மதாம்."

இரண்டே முக்கால் மணி நேரம், பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி, கார்க்காரனைக் காக்க வைத்து, அத்தனையும் அவருக்காகப் பார்த்தார் அக்கா. அந்த மனுஷன் அரை நிமிஷத்தைத் தாண்டவே இல்லை.

அக்கா எழுந்தார். டிஸ்கைத் துப்பட்டா நுனியால் துடைத்து, பிளேயர் தட்டை விரலால் இழுத்து வைத்தார். அம்மா படம் வந்தது. மகள் வந்தாள், கீறல் பட்ட இடத்தில் நின்றாள், குதித்தாள். நாலு படம் வந்தது. தன் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மஞ்சள் உறை போட்ட ரிமோட்டை அவர் கையில் வைத்தார்.

"இங்க நாங்க இருக்கோம். அமுக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார், மீன்காரம்மாவைப் பார்த்தார். பெருவிரல் ரிமோட்டின் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. இரண்டாவது படத்தை, தாலி கட்டை, அமுக்கினார்.

திரை கறுத்தது. அந்த மட்டமான பிளேயர் எப்போதும் மூன்று நொடி யோசிக்கும். அக்கா மூச்சுவிடவில்லை. பிறகு கெட்டிமேளம் கேட்டது. அம்மாவின் புடவையில் மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் ஏதாவது தவறிப்போகும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். அட்சதை விழுகிற நேரத்தில் அவர் கையும் தன்னால் உயர்ந்தது. மீன்காரம்மா கூடையை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

அக்கா என் பக்கம் சாய்ந்து, அவருக்குக் கேட்காத மாதிரி சொன்னார்.

"பட்டன் வேல செய்யுது, பாத்தியா தம்பி."